சுத்தமான சிக்னலுக்குச் சூடுதான் விலையா?

சிக்கனமும் சுத்தமும் ஒன்றாக வராது. ரேடியோ அலைகளுக்கான பவர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எங்கும் காதில் விழுகிற தீர்ப்பு இது. மின்னணுவியல் மாணவர் இதைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார். அமெச்சூர் ரேடியோக்காரர் தன் லீனியர் ஆம்ப்ளிஃபயரின் ஹீட்சிங்க் தொட முடியாமல் கொதிப்பதற்கு இதையே சமாதானமாகச் சொல்கிறார். தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரைப் போன்றவற்றைக் ‘கரண்டைக் குடிக்கும் பூதங்கள், மூடிவிடுங்கள்’ என்று எழுதுகிறவர்களும் கடைசியில் இதன் மேல்தான் சாய்ந்து நிற்கிறார்கள். நல்ல சிக்னல் வேண்டுமென்றால் மின்சாரத்தை எரித்தாக வேண்டும், எரிக்க மனமில்லையென்றால் ஒலிபரப்பையே விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வைக்கும் கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. எங்கே தப்பியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் எதிர்த்தரப்பை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிட வேண்டும். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. டிரான்சிஸ்டரோ வால்வோ, அதன் குறுக்கே வோல்டேஜ் நிற்கிறது, அதன் வழியே கரண்ட் ஓடுகிறது. இரண்டும் ஒரே கணத்தில் இருந்தால் இரண்டின் பெருக்கற்பலன் அத்தனையும் அந்த டிரான்சிஸ்டருக்குள் சூடாகிறது. உள்ளே வரும் சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே நகலெடுக்க வேண்டுமென்றால் டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நிற்க வேண்டும். அந்த நிலையில்தான் வோல்டேஜும் கரண்டும் சேர்ந்திருக்கும். மாறாக, அதை முழுக்கத் திறப்பதும் முழுக்க மூடுவதுமாக ஒரு ஸ்விட்சைப் போல இயக்கினால் சூடு ஏறக்குறைய இல்லை. ஆனால் ஸ்விட்சுக்கு இரண்டே நிலைதான் தெரியும். ஏற்ற இறக்கம் அத்தனையும் போய்விடும்.

இதிலிருந்துதான் எல்லாப் பாடநூலிலும் உள்ள அந்த அட்டவணை பிறக்கிறது. கிளாஸ் ஏ: திரிபு மிகக் குறைவு, பயனுறுதிறன் அதிகபட்சம் 50 சதவீதம். கிளாஸ் பி: திரிபு கொஞ்சம் கூடுதல், பயனுறுதிறன் 78.5 சதவீதம். கிளாஸ் சி: பயனுறுதிறன் இன்னும் மேலே, திரிபும் மேலே. ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. எண்களில் பிழை இல்லை.

திரிபு என்றால் என்ன கெட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எதிர்த்தரப்பின் கவலை புரியாது. 1053 கிலோஹெர்ட்ஸ் அலையைத் திரித்தால் 2106, 3159 என்று அதன் மடங்குகளில் குப்பை பிறக்கும். அது பெரிய தொல்லை இல்லை. தூரத்தில் இருப்பதால் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் வடிகட்டிவிடும். தொல்லை கொடுப்பது இன்னொரு வகை. 1000, 1001 என்று இரண்டு அலைகள் ஒன்றாக ஒரு வளைந்த ஆம்ப்ளிஃபயருக்குள் போனால் 999, 1002 என்ற இரண்டு புதிய அலைகள் வெளியே வரும். இவை நம் சிக்னலை ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் எந்த வடிகட்டியும் பிரிக்காது. இந்தியாவில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. திரிபு கூடினால் குப்பை அடுத்த வீட்டு முற்றத்தில் விழும். ஆகவே சுத்தம் என்பது அலங்காரம் அல்ல, அண்டை நிலையத்துக்குச் செய்ய வேண்டிய கடமை. இதுவரை எதிர்த்தரப்போடு எனக்குச் சண்டையே இல்லை.

மறுப்பு 1. அட்டவணை பேசுவது ஒரு டிரான்சிஸ்டரைப் பற்றி. நாம் கட்டுவது டிரான்ஸ்மிட்டரை.

ஒரே டிரான்சிஸ்டர், மாறாத மின்வழங்கி, மாறாத சுமை. இந்த மூன்று நிபந்தனைக்குள் அட்டவணை உண்மை. ஆனால் மூன்றில் எதையும் இயற்கை நம் மேல் சுமத்தவில்லை. ஆய்வுக்கூட மேசையில் வசதிக்காக நாமே வைத்துக்கொண்டவை அவை. அவற்றை ஒவ்வொன்றாக உடைத்தவர்களின் வரலாறு தொண்ணூறு ஆண்டுப் பழையது.

பிரான்சின் ஆன்ரி ஷிரே 1935இல் ‘ஒரே’ என்பதை உடைத்தார். இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், இரண்டும் எப்போதும் முழு வீச்சில், அதாவது மிகச் சிக்கனமான நிலையில் ஓடுகின்றன. இரண்டின் கட்டத்தை (ஃபேஸை) மட்டும் முன்பின் நகர்த்தினால் கூட்டுத்தொகை ஏறி இறங்குகிறது. எதுவும் பாதி திறக்கவில்லை, ஆனாலும் ஏற்ற இறக்கம் வெளியே வந்துவிட்டது. 1950களில் ஆர்சிஏ நிறுவனம் இதே முறையில் 50 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்களைக் கட்டி விற்றது.

அடுத்த ஆண்டே, 1936இல், பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹர்ட்டி மாறாத சுமை என்பதை உடைத்தார். புன்னைக்காயல் முகத்துவாரத்தில் இரண்டு மோட்டார் கட்டிய ஒரு வள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் ஒரு மோட்டார் முழு மூச்சில் போதும். அலை எழும்பும் வாய்க்கு வந்ததும் இரண்டாவதை முடுக்கினால் போதும். டோஹர்ட்டியின் முதல் வால்வு சாதாரண அளவுக்கே தன் முழு வோல்டேஜைத் தொட்டுவிடும்படி வைக்கப்பட்டது. உச்சங்கள் வரும்போது மட்டும் இரண்டாவது வால்வு விழிக்கும். கால் அலைநீளக் கம்பி ஒன்று, இரண்டாவது தள்ளத் தள்ள முதலாவது பார்க்கும் சுமையின் மின்தடையைக் குறைத்துக்கொண்டே போகும். அன்றைய நேரியல் ஆம்ப்ளிஃபயர்கள் ஊர்தி அலையில் (பேச்சு ஏறாத வெறும் அலையில்) 33 சதவீதம் அளவில் தவித்தபோது, இது 60 சதவீதத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் லூயிவில் நகரத்து வானொலியான டபிள்யூஹெச்ஏஎஸ் 1938இல் இம்முறையில் 50 கிலோவாட் ஒலிபரப்பியது.

மாறாத மின்வழங்கியை உடைத்தவர் லியனார்டு கான், 1952இல். சிக்னலை இரண்டாகப் பிரித்தார்: எவ்வளவு உயரம் என்பது ஒன்று, எந்தக் கட்டம் என்பது மற்றொன்று. கட்டம் மட்டும் கொண்ட அலைக்கு ஏற்ற இறக்கம் கிடையாது, எனவே அதை எவ்வளவு முரட்டுத்தனமான, சிக்கனமான ஆம்ப்ளிஃபயரும் கையாளலாம். உயரத்தை அந்த ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கியையே ஏற்றி இறக்கிக் கொடுத்துவிடலாம்.

இந்த மூன்று பெயரையும் சொல்லாமல் அந்த அட்டவணையை மட்டும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, பாடத்தை 1934இலேயே நிறுத்திவிட்டது.

மறுப்பு 2. 78.5 சதவீதம் என்பது யாருக்கும் கிடைக்காத 78.5.

அட்டவணையில் உள்ள எண்கள் எல்லாம் சிக்னல் உச்சத்தைத் தொடும் கணத்துக்கானவை. எந்தச் சிக்னல் எந்நேரமும் உச்சத்தில் நிற்கிறது? பேச்சும் பாட்டும் பெரும்பாலான நேரம் தாழ்ந்தே கிடக்கின்றன. கிளாஸ் பி ஆம்ப்ளிஃபயரில் வோல்டேஜ் பாதியானால் பயனுறுதிறனும் பாதியாகி 39க்கு வந்துவிடும். 4ஜி, 5ஜி சிக்னல்களில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே திறனில் பத்து மடங்கு வரை இடைவெளி உண்டு. அங்கே அதே ஆம்ப்ளிஃபயர் சராசரி அளவில் கால்வாசிதான் தரும்.

தூத்துக்குடியின் 200 கிலோவாட்டையே எடுத்துக் கணக்குப் போடலாம். அந்த நிலையத்தின் மின்ரசீது அல்ல இது, அந்த அளவுள்ள எந்த நிலையத்துக்கும் பொருந்தும் காகிதக் கணக்கு. முழுப் பண்பேற்றத்தில் (மாடுலேஷனில்) உச்சத்திறன் ஊர்தி அலையின் நான்கு மடங்கு, 800 கிலோவாட். இதைக் கிளாஸ் ஏயில் கொடுக்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் இரவும் பகலும், பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 1,600 கிலோவாட் உள்ளே இழுக்க வேண்டும். நேரியல் கிளாஸ் பியில் 33 சதவீதம் என்றால் ஊர்தி அலைக்கு மட்டும் சுமார் 600 கிலோவாட். டோஹர்ட்டி முறையில் 60 சதவீதம் என்றால் 333. இன்றைய திண்மநிலை மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் 85 முதல் 90 சதவீதம் வரை தருகின்றன. நடுவே 88 என்று வைத்தால் 227 கிலோவாட் போதும்.

600க்கும் 227க்கும் உள்ள வித்தியாசம் 373 கிலோவாட். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கு 3.73 கிலோவாட் என்பது நம் பக்கத்து விவசாயிக்குத் தெரியும். ஆத்தூர் கொடிக்காலிலும் வாழைத் தோட்டத்திலும் அப்படி நூறு மோட்டார்களை ஒரே நேரத்தில் ஓட்டலாம். நாளைக்குப் பத்து மணி நேர ஒலிபரப்பு என்றால் ஆண்டுக்கு 13.6 லட்சம் யூனிட். அனல்மின் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்பதற்காகத் தூத்துக்குடியில் மின்சாரம் சும்மா வந்துவிடாது.

சரி, இந்த 88 சதவீதக்காரர் சிக்னலைக் கெடுத்துவிட்டாரா? அதுதானே அட்டவணை சொல்லும் சாபம்? இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் மையம், ஆகவே எப்படி என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். ஹாரிஸ் நிறுவனத்தில் ஹில்மர் ஸ்வான்சன் என்ற பொறியாளர் உருவாக்கி 1980களின் பிற்பகுதியில் டிஎக்ஸ் வரிசையாக வெளிவந்த டிரான்ஸ்மிட்டரில் பெரிய ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்றே கிடையாது. சின்னச் சின்னத் தட்டுகள் ஏராளம். ஒவ்வொன்றும் வெறும் ஸ்விட்ச்: எரியும், அல்லது அணையும். வரும் ஒலியை எண்ணாக மாற்றி, இந்தக் கணத்தில் எத்தனை தட்டு எரிய வேண்டும் என்று ஒரு சுற்று முடிவு செய்கிறது. வெளியே போகும் அலையின் உயரம், எரியும் தட்டுகளின் எண்ணிக்கை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு தட்டும் உலகிலேயே மோசமான திரிபு கொண்ட ஆம்ப்ளிஃபயர். கூட்டிப் பார்த்தால் பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர்களைவிடச் சுத்தம். ஏனென்றால் சுத்தத்தை இங்கே நிர்ணயிப்பது டிரான்சிஸ்டரின் வளைகோடு அல்ல, எண்ணிக்கை எவ்வளவு சரி என்பது.

அட்டவணையின்படி இப்படி ஒரு பெட்டி இருக்கவே கூடாது. இருக்கிறது, பல நாடுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிறது.

மறுப்பு 3. திரிபைக் குறைப்பதுதான் சிக்கனத்துக்கு வழி.

எதிர்த்தரப்பு இரண்டையும் எதிரிகளாகவே பார்த்துப் பழகிவிட்டதால் இந்தப் புள்ளி அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஓர் ஆம்ப்ளிஃபயர் ஏன் வீணடிக்கிறது? திரிபுக்குப் பயந்து அதைத் தாழ்வாக ஓட்டுகிறோம். 100 வாட் தரக்கூடிய டிரான்சிஸ்டரை 25 வாட்டில் நிறுத்தி, மேலே உள்ள வளைந்த பகுதிக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறோம். சுத்தம் கிடைக்கிறது. கூடவே நான்கு மடங்கு பெரிய டிரான்சிஸ்டருக்கான விலையும் பாதியாக விழுந்த பயனுறுதிறனும் கிடைக்கின்றன. இப்போது திரிபை வேறு வழியில் சரிசெய்துவிட்டால், அதே டிரான்சிஸ்டரை உச்சத்துக்கு அருகே ஓட்டலாம். அருகே ஓட்டினால் பயனுறுதிறன் தானாக ஏறும். ஒவ்வொரு டெசிபல் திருத்தமும் மின்கட்டணத்தில் ஒரு வெட்டு.

அந்த ‘வேறு வழி’க்கும் வயது நூறு. தொலைபேசிக் கம்பிகளின் ஆம்ப்ளிஃபயர்களோடு மல்லுக்கட்டிய ஹெரால்டு பிளாக், 1920களின் தொடக்கத்திலேயே முன்னூட்ட முறையை யோசித்தார்: வெளியே வந்ததிலிருந்து உள்ளே போனதைக் கழித்தால் மிஞ்சுவது பிழை மட்டும், அந்தப் பிழையைத் தனியே பெருக்கித் தலைகீழாக்கிச் சேர்த்தால் பிழை அழியும். 1927 ஆகஸ்டில் நியூயார்க்குக்கு வேலைக்குப் போகும் படகில் அவருக்கு எதிர்ப் பின்னூட்டம் உதித்த கதை ஊரறிந்தது. (அலுவலகத்துக்குப் படகில் போகும் எல்லோருக்கும் இப்படி உதிக்கும் என்றால் மணப்பாட்டு மீனவர்களில் பாதிப்பேர் காப்புரிமை வைத்திருப்பார்கள்.)

எதிர்த்தரப்புக்கு ஆதரவான ஒரு சாட்சியையும் இங்கே மறைக்கக் கூடாது. செல்போன் கோபுரங்களில் முன்னூட்ட முறை இருந்த காலத்தில் சிக்னல் மிகச் சுத்தம், ஆனால் பிழையைப் பெருக்க இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் ஒன்று தின்றுகொண்டே இருந்ததால் மொத்தப் பயனுறுதிறன் பத்துப் பதினைந்து சதவீதத்தில் கிடந்தது. ‘பார்த்தீர்களா, சுத்தத்துக்கு விலை உண்டு’ என்று அன்று சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இன்று டிஜிட்டல் முன்திருத்தம் அந்த வேலையைச் செய்கிறது: ஆம்ப்ளிஃபயர் எப்படிக் கோணுகிறது என்பதை வெளியீட்டிலிருந்து ஒரு துளி எடுத்து அளந்து, சிக்னல் உள்ளே போகும் முன்பே எதிர்ப்பக்கம் அதே அளவு கோணவைத்துவிடுகிறார்கள். திருத்தம் மில்லிவாட் நிலையில், கணக்காக நடக்கிறது. பெரிய திறனில் எதையும் எரிக்க வேண்டியதில்லை. இதனால்தான் டோஹர்ட்டியின் 1936ஆம் ஆண்டு யோசனை 4ஜி கோபுரங்களில் மறுபிறவி எடுத்தது. தனியாக விட்டால் அது கொஞ்சம் கோணல் பிள்ளை. முன்திருத்தம் பக்கத்தில் இருந்தால் சராசரித் திறனிலேயே 40, 50 சதவீதம் தருகிறது. சுத்தமும் சிக்கனமும் சேர்ந்தே ஏறின.

விண்ணிலும் இதே கதை. செயற்கைக்கோளில் ஆம்ப்ளிஃபயராக உள்ள பயண அலைக் குழாய்க்கு முன்னால் ஒரு சிறிய நேராக்கியை வைத்தால் குழாயை உச்சத்துக்கு அருகே ஓட்ட முடிகிறது. சூரியத்தகட்டின் ஒவ்வொரு வாட்டும் அங்கே பொன். 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அங்கிருந்து கோள் ஏறும் நாளில் அதற்குள் இருக்கப்போகும் பாடம் பக்கத்து ஊர்க் கல்லூரியின் பாடநூலில் இல்லையென்றால் அது வெட்கக்கேடு.

மறுப்பு 4. எல்லாத் திரிபும் திரிபல்ல.

விசைப்படகில் இருக்கும் 25 வாட் கடல்சார் விஹெச்எஃப் கருவி 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசுகிறது. அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8. இது எஃப்எம். செய்தி முழுவதும் அதிர்வெண்ணின் அசைவில் இருக்கிறது, உயரத்தில் எதுவுமே இல்லை. ஆகவே கிளாஸ் சி ஆம்ப்ளிஃபயர் உயரத்தை எப்படி நசுக்கினாலும் பேச்சில் ஓர் எழுத்து குறையாது. மடங்கு அலைகளை வடிகட்டி பார்த்துக்கொள்ளும். 2ஜி கைபேசியும் இதே தந்திரத்தால்தான் சின்ன பேட்டரியில் நாள்கணக்கில் ஓடியது. ‘சிக்கனமானது திரிக்கும்’ என்ற வாக்கியத்துக்கு இங்கே பொருளே இல்லை. எதைத் திரிக்கிறது, அது செய்தியைத் தொடுகிறதா, அண்டை அலைவரிசையைத் தொடுகிறதா என்று கேட்காமல் திரிபு என்ற சொல்லைச் சதவீதமாக மட்டும் எழுதுவது அரைக் கல்வி.

மறுப்பு 5. சூட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர் தூத்துக்குடிக் கரையில் ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பராமரித்துப் பார்க்க வேண்டும்.

பொறுத்துக்கொள்வது என்றால் என்ன? மேலே சொன்ன கணக்கில் 33 சதவீதக்காரர் 400 கிலோவாட்டைச் சூடாக்கி அறைக்குள் விடுகிறார். 88 சதவீதக்காரர் 27 கிலோவாட்டை. முதலாவதை ஏசி வைத்து வெளியேற்றுவதானால் வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி போல 76 வேண்டும். இரண்டாவதற்கு ஆறு போதும். ஏசி தின்னும் மின்சாரம் மேற்கொண்டு. ஏசி வேண்டாம், விசிறி வைத்து வெளிக்காற்றை ஊதிவிடலாம் என்றால், அந்த வெளிக்காற்று எங்கிருந்து வருகிறது? கிழக்கே கடல், சுற்றிலும் உப்பளம். கோடையில் உப்புப்பொடியும் ஈரமும் சேர்ந்த காற்று போர்டுகளின் மேல் படிந்து, பித்தளைத் திருகைப் பச்சையாக்கி, உயர் வோல்டேஜ் இணைப்புகளில் கசிவுப்பாதை போடுகிறது. மின்னணுப் பொருட்களின் ஆயுள் பத்துப் பாகை வெப்பம் கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராய விதி. தோராயமாகவே இருக்கட்டும், அதன் திசையை யாரும் மறுக்க மாட்டார்கள். சூடு குறைந்தால் ஊத வேண்டிய காற்று குறையும், காற்று குறைந்தால் உப்பு குறையும். பயனுறுதிறன் இங்கே மின்கட்டணத்தோடு நிற்பதில்லை, கருவி எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

இப்போது மூடச்சொல்பவர்களிடம் வருகிறேன். அவர்களுடைய வாதம்: எஃப்எம் இருக்கிறது, கைபேசி இருக்கிறது, செயலியில் எல்லா வானொலியும் வருகிறது, பிறகு எதற்கு இந்த மத்திய அலை? நிலத்தில் நின்று பேசினால் வாதம் பொருத்தமாகவே ஒலிக்கும். கடலில் இறங்கினால் ஆட்டம் காணும். எஃப்எம்மும் கைபேசியும் ஏறக்குறைய கண்பார்வைக் கோட்டில் போகிறவை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கைபேசி ஊமையாகிவிடும். மத்திய அலையோ தரையை ஒட்டி ஊர்ந்து போவது. கடல்நீரின் மின்கடத்தும் தன்மை வறண்ட நிலத்தைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் என்பதால் அது நிலத்தில் களைத்துப்போகும் தூரத்தைத் தாண்டியும் நீரின் மேல் வெகுதூரம் செல்கிறது. தூத்துக்குடியிலிருந்து மன்னார் சுமார் இருநூறு கிலோமீட்டர், கொழும்பு முந்நூறுக்குள். இலங்கைக்கான ஒலிபரப்புக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் புவியியல் இருக்கிறது.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயலாக உருவெடுத்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தங்குகடல் மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் எச்சரிக்கை வெளியானது. அவர்களை அது எட்டவில்லை. அன்று மத்திய அலை எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தொலைவு மட்டுமே அன்று பிரச்சினை அல்ல, படகில் ரேடியோப் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததா என்பதும் கேள்வி. ஆனால் ஒரே நேரத்தில் கணக்கற்ற படகுகளுக்குச் செய்தி சொல்ல, இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடும் சில நூறு ரூபாய்ப் பெட்டி போதும் என்ற ஏற்பாட்டை, மின்சாரம் தின்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடுவதானால், அந்தக் காரணம் உண்மையாகவாவது இருக்க வேண்டும். 88 சதவீதத்தை வானத்துக்கு அனுப்பும் கருவியைப் பார்த்துப் பூதம் என்று எப்படிச் சொல்வது?

எதிர்த்தரப்பில் நியாயம் மிஞ்சும் இடங்களும் உண்டு. அரை வாட் தரும் சின்னக் கருவிக்கு முன்திருத்தச் சுற்று வைத்தால் அந்தச் சுற்றே ஆம்ப்ளிஃபயரைவிட அதிகம் தின்னும். அங்கே தாழ்வாக ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். சிக்னலின் அகலம் நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸாக விரியும்போது முன்திருத்தத்தின் கணக்கு வேலை வேகமாக ஏறுகிறது. கானின் முறையில் உயரமும் கட்டமும் தனித்தனிப் பாதையில் போய்ச் சேர்வதால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். தூத்துக்குடி டிரான்ஸ்மிட்டருக்கும் வந்துவிட்ட டிஆர்எம் டிஜிட்டல் ஒலிபரப்பில் மைக்ரோநொடிக் கணக்கில் ஒன்று பிந்தினாலும் சிக்னல் தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து அலைவரிசைக்குள் வழியும். (டிஆர்எம் வாங்கும் ரேடியோ எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது வேறொரு சண்டை.) இவை எல்லாம் உண்மையான விலைகள். ஆனால் எதற்கான விலை என்று பாருங்கள். கணக்குத் திறனுக்கு, நேரப் பிசகின்மைக்கு, வடிவமைப்பு உழைப்புக்கு. சுத்தத்துக்கான கட்டணத்தைச் சூடாகத்தான் கட்ட வேண்டும் என்ற விதி எங்கும் தென்படவில்லை.

இந்தத் தவறான விதியை நம்புவதால் நடைமுறையில் நேரும் கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிக்கனமும் சுத்தமும் சேராது என்று நம்புகிறவர், சிக்னல் போதவில்லை என்றால் செய்வது ஒன்றுதான்: இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர். அனுமதியில்லாமல் மாடியில் மாட்டப்படும் கைபேசி பூஸ்டர்கள் அந்த நம்பிக்கையின் பிள்ளைகள். அளவுக்கு மீறி ஓட்டப்பட்டு, தன் வெளியீட்டைத் தானே கேட்டு ஊளையிட்டு, ஒரு வீட்டுக்குச் சிக்னல் தருவதற்காக ஒரு தெருவுக்கே கோபுரத்தைச் செவிடாக்குகின்றன. அங்கே தேவைப்பட்டது வாட் அல்ல.

ஆகவே இரண்டு பேருக்கு வேண்டுகோள். கேள்வித்தாள் அமைக்கும் பேராசிரியர்களே, ‘ஆம்ப்ளிஃபயர் வகுப்புகளை ஒப்பிடுக’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியை எடுத்துவிடுங்கள். ஏறி இறங்கும் ஒரு சிக்னலைக் கொடுத்து, அதன் சராசரித் திறனில் மூன்று வகைச் சுற்றுகளின் பயனுறுதிறனைக் கணக்கிடச் சொல்லுங்கள். நிலையங்களை மூட வேண்டும் என்று எழுதப்போகும் நண்பர்களே, எழுதும் முன் அந்த நிலையத்தில் இருப்பது எந்த ஆண்டுக் கருவி, உள்ளே போகும் கிலோவாட்டில் எவ்வளவு ஆன்டெனாவுக்குப் போகிறது, எவ்வளவு சூடாகிறது என்ற மூன்று விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். சூடு அதிகம் என்று தெரிந்தால் மாற்ற வேண்டியது டிரான்ஸ்மிட்டரை.